நார்னியாவை வளர்ந்த பிறகு மீண்டும் படித்தல்: உள்ளே இருந்த கிறித்தவம் குறித்து ஒரு கேள்வி

வினா: இளவேனில்

பள்ளிப் பருவத்தில் நான் மிகவும் விரும்பிப் படித்த நார்னியா என்னும் மாய உலகத்தைப் பற்றிச் சி. எஸ். லூயிஸ் சிறுவர்களுக்காக எழுதிய கதைகள் ஏழையும் இந்தக் கோடை விடுமுறையில் மறுபடியும் படித்து முடித்தேன். பத்து வயதாகும் என் மகனிடம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம் என்றுதான் எடுத்தேன். எடுத்த பிறகு கீழே வைக்க இயலவில்லை.

நான் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவள் அல்லள். சிறுமியாகப் படித்தபோது, எட்மண்ட் இனிப்புக்கு ஆசைப்பட்டுத் தன் உடன்பிறந்தோரைச் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுப்பதும், அவனுக்கு ஈடாக அஸ்லான் என்னும் சிங்கம் கல்மேசையின்மேல் கட்டுண்டு சாவதும், விடியற்காலையில் அது உயிரோடு எழுந்து வருவதும் எனக்கு ஒரு நல்ல கதையின் உச்சக்கட்டமாக மட்டுமே தோன்றின. இப்போது அதே பக்கங்களில் கெத்செமனேத் தோட்டத்தின் துயரமும், சிலுவைக்கு முன் நடந்த எள்ளலும், கல்லறையருகே விடியலில் நின்ற பெண்களும் அடுத்தடுத்துக் கண்ணில் படுகின்றன. மூன்றாவது நூலின் இறுதியில், கடற்கரையில் மீன் சுட்டு வைத்துப் பிள்ளைகளை உண்ண அழைக்கும் ஆட்டுக்குட்டி யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்திலிருந்து நேராக வந்தது என்பதையும் இப்போதுதான் அறிந்தேன்.

கதையின் அழகு எனக்குக் குறையவில்லை. ஆயினும், என்னிடம் சொல்லாமலே என்னுள் ஒரு காரியம் நடத்தப்பட்டிருக்கிறது என்னும் உறுத்தல் எழுந்தது. அமெரிக்க விமர்சகர் லாரா மில்லர் 2008இல் நார்னியாவைப் பற்றி எழுதிய நூலில், பதின்வயதில் இச்செய்தியை அறிந்தபோது தாம் வஞ்சிக்கப்பட்டதாக உணர்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அந்த உணர்வு நியாயமானதுதானா? இத்தகைய நூல்களை வளர்ந்த பிறகு மீண்டும் படித்தவர்கள், குறிப்பாக வேறு சமயச் சூழலில் வளர்ந்தவர்கள், அவற்றை எவ்வாறு எதிர்கொண்டீர்கள் என்று அறிய விரும்புகிறேன். மகனுக்கு எந்த நூலை முதலில் கொடுப்பது என்பதையும் யாரேனும் சொன்னால் நன்று.


மறுமொழி: வடகாற்று

லூயிஸ் எதையும் மறைத்தவர் அல்லர். ஏழாவது நூல் வெளிவந்த 1956ஆம் ஆண்டிலேயே, இக்கதைகள் தம்முள் எப்படி உருவாயின என்பதை ஒரு கட்டுரையில் வெளிப்படையாக எழுதிவிட்டார். முதலில் வந்தவை படங்கள்தாம் என்கிறார்: குடை பிடித்துச் செல்லும் ஆட்டுக்கால் மனிதன், பனிச்சறுக்கு வண்டியில் ஓர் அரசி, கம்பீரமான ஒரு சிங்கம். அவற்றுள் தொடக்கத்தில் கிறித்தவம் எதுவும் இல்லை என்றும், அது பின்னர் தானாகவே உள்ளே நுழைந்தது என்றும் அவர் கூறுகிறார். பனிக்காட்டில் குடையும் பொட்டலங்களும் ஏந்தி நடக்கும் அந்த உருவம் அவருடைய 16ஆம் வயது முதலே மனத்தில் இருந்ததாம். அந்த வயதில் அவர் கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டிருந்தார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

அதே கட்டுரையில்தான், விழித்துக் காவல் காக்கும் நாகங்களைத் தாண்டிச் செல்வதற்குப் புனைகதை உதவலாம் என்னும் புகழ்பெற்ற கருத்து வருகிறது. நீங்கள் வஞ்சனை என்று கருதுவது அநேகமாக இந்த இடத்தைத்தான். ஆனால், அந்த நாகங்கள் யாரிடம் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். சிறுவனாக இருந்தபோது கடவுளைக் குறித்தும் கிறிஸ்துவின் பாடுகளைக் குறித்தும் இன்னவாறு உணர்ந்தே தீர வேண்டும் என்று தமக்குக் கற்பிக்கப்பட்டதாகவும், அந்தக் கட்டாயமே உணர்ச்சியை உறையச் செய்துவிட்டதாகவும் அவர் எழுதுகிறார். ஆக, அவர் தாண்ட நினைத்த காவல், வண்ணக்கண்ணாடிச் சன்னல்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பாடங்களுக்கும் பழகி மரத்துப்போன கிறித்தவப் பிள்ளைகளின் மனக்காவல். உங்களைப் போன்ற ஒரு சிறுமியை மதம் மாற்றுவது அந்தத் திட்டத்தின் மையத்தில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது ஒன்றுண்டு. 1931 செப்டம்பரில் ஓர் இரவு, ஆக்ஸ்போர்டின் மாட்லின் கல்லூரி வளாகத்திலுள்ள அடிசன் நடைபாதையில் ஜே. ஆர். ஆர். டோல்கீனும் ஹியூகோ டைசனும் லூயிஸும் நெடுநேரம் பேசிக்கொண்டு நடந்தார்கள். வடபுலத் தொன்மத்தில் வரும் பால்டரைப் போலவோ அடோனிஸைப் போலவோ இறந்து எழும் தெய்வத்தின் கதையை எங்கு படித்தாலும் தாம் நெகிழ்வதாகவும், நற்செய்தி நூல்களில் மட்டும் அதே கதை தம்மைத் தொடுவதில்லை என்றும் லூயிஸ் உணர்ந்திருந்தார். கிறிஸ்துவின் கதையும் அப்படிப்பட்ட தொன்மமே, ஆனால் உண்மையில் நிகழ்ந்த தொன்மம் என்பது நண்பர்களின் வாதமாக இருந்தது. சில நாள்களிலேயே அவர் கிறிஸ்துவை ஏற்றார். தெய்வம் மடிந்து எழுவதை அதன் பெயர் தெரியாமலே நேசித்து, பெயரைப் பிற்பாடு அறிந்த உங்கள் அனுபவம், நூலாசிரியருடைய சொந்த அனுபவத்தின் வரிசையே ஆகும். பெயரை அறிந்த பிறகு அவர் எடுத்த முடிவை நீங்களும் எடுக்க வேண்டும் என்று கதையில் எந்த வரியும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.


மறுமொழி: தாமிரபரணிக் கரை

திருநெல்வேலிச் சீமையில், தினமும் மாலை ஜெபம் நடக்கும் சி.எஸ்.ஐ. வீட்டில் வளர்ந்தவள் நான். ஆகவே என் அனுபவம் இளவேனில் அவர்களுடையதற்கு நேர் எதிரானது. கல்மேசை வந்தவுடனே எனக்கு விடை தெரிந்துவிட்டது. தெரிந்த விடையை நோக்கி நடக்கும் கதையில் அப்போது எனக்கு அவ்வளவாகச் சுவை இருக்கவில்லை. வடகாற்று அவர்கள் சொல்லும் மரத்துப்போன பிள்ளை சாட்சாத் நான்தான். அந்த நாகங்கள் என்னிடம் தூங்கவே இல்லை!

எங்கள் பக்கத்தில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை அறியாத பழைய கிறிஸ்தவக் குடும்பங்கள் குறைவு. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி, கம்பனின் நடையழகை உள்வாங்கி எழுதப்பட்டு 1894இல் வெளிவந்த காப்பியம் அது. அத்தகைய உருவகக் கதையில் ஒவ்வொருவரும் ஒரு குணத்தையோ நிலையையோ குறித்து நிற்பார்கள். திறவுகோல் கையில் இருந்தால் எல்லாப் பூட்டும் திறக்கும். நார்னியாவையும் நான் அப்படியே படித்தேன். பூட்டுகளை வரிசையாகத் திறந்துவிட்டு, முடிந்தது என்று மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் லூயிஸ் தமது கடிதங்களில் நார்னியா உருவகக் கதை அல்ல என்று அழுத்திச் சொல்கிறார். அவருக்கு உருவகம் எழுதத் தெரியாமலில்லை; 1933இல் பனியனின் வழியிலேயே ஒரு முழு நூல் எழுதியவர் அவர். நார்னியாவில் அவர் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு: நார்னியா போன்ற ஓர் உலகம் உண்மையிலேயே இருந்து, நம் உலகில் மனிதனாகப் பிறந்த தேவகுமாரன் அங்கே சிங்கமாக வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இந்தக் கேள்வியோடு படித்தால், பொருந்தாத இடங்களே சுவாரசியமாகிவிடுகின்றன. அஸ்லான் மனுக்குலம் முழுவதற்காகவும் மரிப்பதில்லை. பொய் சொல்லிக் காட்டிக்கொடுத்த ஒரே ஒரு பையனுக்காக மரிக்கிறது. எங்கள் பிரசங்கங்களில் சொல்லப்பட்ட கணக்குக்குள் இது அடங்குவதில்லை. அடங்காததால்தான் வளர்ந்த பிறகு என்னை அது நிறுத்திப் படிக்க வைத்தது.

மீண்டும் படித்தபோது என்னை உலுக்கியவை, அருள்நாதர் வெளிப்படையாகத் தெரியும் இடங்கள் அல்ல. 1953இல் வந்த ‘த சில்வர் சேர்’ நூலில், பாதாள நாட்டு அரசி பச்சைப் பொடியை நெருப்பில் தூவி, நரம்புக் கருவியை மீட்டியபடி, சூரியன் என்று ஒன்று கிடையாது, விளக்கைப் பார்த்து நீங்கள் கற்பித்துக்கொண்டதே அது, பூனையைப் பெரிதாக்கிச் சிங்கம் என்கிறீர்கள் என்று பிள்ளைகளை மயக்குகிறாள். அப்போது எப்போதும் கேட்டையே எதிர்பார்க்கும் படில்கிளம் என்னும் சதுப்புநில மனிதன், தன் வெறுங்காலால் அந்த நெருப்பை மிதித்து அணைக்கிறான். பிறகு அவன் சொல்வதன் சாரம் இது: சூரியனும் புல்லும் அஸ்லானும் நாங்கள் கற்பித்தவையே என்று வைத்துக்கொண்டாலும், உன் உண்மை உலகத்தைவிட அந்தக் கற்பனை மேலானதாக இருக்கிறதே, வழிநடத்த அஸ்லான் இல்லாவிட்டாலும் நான் அஸ்லானின் பக்கமே நிற்பேன். விசுவாசம் ஆடிக்கொண்டிருந்த ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தேன். சிறுவயதில் படில்கிளம் எனக்கு வெறும் சிரிப்புப் பாத்திரம்.

‘த மஜிஷியன்ஸ் நெஃப்யூ’ நூலில் டிகரி என்னும் சிறுவனின் தாய் சாகக் கிடக்கிறாள். அவளைக் குணமாக்கும்படி அவன் அஸ்லானிடம் மன்றாடிவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது, சிங்கத்தின் கண்களில் தன்னுடையவற்றைவிடப் பெரிய கண்ணீர்த் துளிகளைக் காண்கிறான். பின்னர் மாயக் கனியைத் திருடிக்கொண்டு தாயிடம் ஓடிவிடு என்று சூனியக்காரி தூண்டுகிறாள்; அவன் மறுத்துவிடுகிறான்; முடிவில் அஸ்லானே ஒரு கனியைக் கொடுத்தனுப்ப, தாய் பிழைக்கிறாள். லூயிஸின் தாயார் 1908 ஆகஸ்டில் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 9. அந்தச் சிறுவனும் தாய் பிழைக்க வேண்டுமென்று ஜெபித்தான், அவள் பிழைக்கவில்லை. இதை அவர் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தத் தன்வரலாறும் டிகரியின் கதையும் 1955ஆம் ஆண்டு ஒன்றிலேயே வெளிவந்தன. ஜெபத்துக்குக் கிடைக்காத பதிலை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு கதைக்குள் எழுதியவனைப் பிரசாரகன் என்று மட்டும் சொல்லி என்னால் கடந்துபோக முடியவில்லை.


மறுமொழி: கரிசல்காடு

முன்னவர்கள் இருவரும் ஆசிரியரின் வாழ்க்கையைக் கொண்டு நூலைக் காப்பாற்றிவிட்டார்கள். நூலிலேயே இருப்பதையும் பேச வேண்டும். இளவேனில் அவர்களின் உறுத்தல் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது என்பேன்: கல்மேசையில் உறுத்துவதற்கு ஒன்றுமில்லை, கலோர்மெனில் இருக்கிறது.

நார்னியாவுக்குத் தெற்கே பாலைவனத்தைத் தாண்டியுள்ள கலோர்மென் நாட்டார் கருநிறத்தவர், தலைப்பாகை கட்டியவர், வளைவாள் ஏந்தியவர், அலங்காரமாகப் பேசிக் கொடுமை செய்பவர். அவர்கள் வணங்கும் தாஷ் நரபலி கேட்கும் தெய்வம். இறுதி நூலில் தாஷ் நேரில் தோன்றும்போது அதற்குக் கழுகுத் தலையும் நான்கு கைகளும் இருக்கின்றன. நான்கு கைகளுள்ள தெய்வத்தைக் கும்பிட்டு வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளை ஒன்று அந்தப் பக்கத்தை எப்படிப் படிக்கும் என்று அந்த ஆக்ஸ்போர்டு அறிஞர் எண்ணிப் பார்த்திருப்பார் என நான் நினைக்கவில்லை. சிறுவயதில் நான் அதைப் பேயுருவமாகவே ஏற்றுக்கொண்டு நடுங்கினேன். எங்கள் ஊர்க் கோயில் சிற்பத்தோடு அதை இணைத்துப் பார்க்கவே இல்லை என்பதுதான் இப்போது எனக்கு வியப்பாக இருக்கிறது.

எமெத் என்னும் கலோர்மென் வீரனை இதற்கு விடையாகச் சிலர் காட்டுவார்கள். வாழ்நாள் முழுதும் உண்மையோடு தாஷை வணங்கிய அவனிடம், நீ அங்கே செய்த நற்பணி அனைத்தையும் எனக்குச் செய்ததாகவே கொள்கிறேன் என்று அஸ்லான் கூறும். கண்டிப்பான கிறித்தவ வாசகர்கள் சிலர் இந்த இடத்திற்காகவே லூயிஸைக் கண்டித்ததும் உண்டு. பெருந்தன்மையான காட்சிதான்; மறுக்கவில்லை. ஆயினும் எமெத்தின் பக்தி நல்லது என்று சான்றளிக்கப்படுவது, அது வேறொருவர் கணக்கில் வரவு வைக்கப்பட்ட பிறகே.

எட்மண்டின் அக்காள் சூசனைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது; ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மன் 1998இல் ‘கார்டியன்’ இதழில் எழுதிய கடுமையான கட்டுரையை அறியாதவர் இல்லை. உதட்டுச் சாயமும் விருந்து அழைப்புகளும் அவளுக்குப் பெரிதாகிவிட்டன என்று பிறர் குறை சொல்ல, அவள் நார்னியாவை மறந்தவளாக விடப்படுகிறாள். வளர்ந்தவராகப் படிக்கும்போது வேறொன்று தைக்கிறது: பெற்றோர், அண்ணன், தம்பி, தங்கை அனைவரும் ஒரே ரயில் விபத்தில் இறந்துபோக, அவள் ஒருத்தி மட்டும் இங்கிலாந்தில் உயிரோடு இருக்கிறாள். மற்றவர்கள் அங்கே ஆனந்தமாக இருக்கும் கடைசிப் பக்கங்களில் அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லை. சூசன் தன் வழியில் கடைசியில் வந்து சேரக்கூடும் என்று லூயிஸ் 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதியது எனக்குத் தெரியும். அது கடிதத்தில் இருக்கிறது; நூலில் இல்லை.


மறுமொழி: அந்திவானம்

நார்னியாவோடு நின்றுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். லூயிஸ் தமது ஆசானாகக் கொண்டாடிய ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜார்ஜ் மெக்டொனால்டை (1824–1905) வளர்ந்த பிறகு படிப்பது தனி இன்பம். அருண்டெல் என்னும் ஊரில் சபைப் போதகராக இருந்த அவர், கிறிஸ்துவை அறியாதவர்களுக்கும் மறுமையில் வாய்ப்பு உண்டு என்று நம்பிக்கை தெரிவித்ததால் சபையாரின் அதிருப்திக்கு ஆளாகி, 1853இல் பதவி விலக நேர்ந்தது. கரிசல்காடு அவர்கள் எமெத்தைப் பற்றிச் சொன்னதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

அவருடைய ‘த பிரின்சஸ் அண்ட் த காப்ளின்’ (1872) நூலில், இளவரசி ஐரீன் மாளிகையின் மாடத்தில் நூல் நூற்கும் ஒரு முதுபாட்டியைக் காண்கிறாள். பாட்டி கொடுத்த, கண்ணுக்குத் தெரியாத இழையைப் பற்றிக்கொண்டே போய், சுரங்கத் தொழிலாளியின் மகன் கர்டியை மீட்டு வருகிறாள். அவனை மாடத்துக்கு அழைத்துச் சென்றால், அவன் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வெறும் அறை, ஒரு வைக்கோல் குவியல், ஒரு வாடிய ஆப்பிள். தன்னைக் கேலி செய்கிறாள் என்று அவன் கோபித்துக்கொண்டு போய்விடுகிறான். அழும் ஐரீனிடம் பாட்டி, அவரவரால் இயன்றதைத்தான் அவரவர் நம்ப முடியும், கூடுதலாக நம்புகிறவர்கள் குறைவாக நம்புகிறவர்களிடம் கடுமை காட்டலாகாது என்னும் கருத்தைச் சொல்கிறாள். நூல் முழுவதும் கிறிஸ்துவின் பெயரோ குறியோ எங்கும் உந்தித் தள்ளப்படுவதில்லை. இளவேனில் அவர்களுக்கு ஏற்பட்ட உறுத்தல் இந்நூலில் எனக்கு ஏற்படவே இல்லை.

மாடலின் லெங்கிளின் ‘எ ரிங்கிள் இன் டைம்’ (1962) இன்னொரு வகை. இருளை எதிர்த்துப் போராடியவர்கள் யார் என்று கேட்கப்படும்போது இயேசுவின் பெயரை முதலில் சொல்லி, அதே பட்டியலில் புத்தரையும் காந்தியையும் ஐன்ஸ்டைனையும் சேர்த்த நூல் அது. அதனாலேயே கண்டிப்பான கிறித்தவர்கள் அதைப் பள்ளி நூலகங்களிலிருந்து நீக்கச் சொன்னார்கள். சமயம் சாராத வாசகர்களோ விவிலிய மேற்கோள்கள் மிகுதி என்றார்கள். கதையாக இன்று அது எனக்குச் சற்று அவசரப்பட்டதாகத் தோன்றுகிறது. முடிவு மிக விரைவில் வந்துவிடுகிறது.


இளவேனில்

அனைவருக்கும் நன்றி. கரிசல்காடு அவர்கள் சுட்டிய நான்கு கைகளை நானும் இரண்டு முறையும் கவனிக்காமல் கடந்திருக்கிறேன். இன்று அந்த அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். கல்மேசையைப் பொறுத்தவரை என் உறுத்தல் பெரும்பாலும் நீங்கிவிட்டது, இறுதி நூலைப் பொறுத்தவரை கூடிவிட்டது. மகனுக்கு அஸ்லான் யார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாமா, அவனாகக் கண்டுபிடிக்க விட்டுவிடலாமா? நூல்களின் வரிசையைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை.


மறுமொழி: வடகாற்று

வரிசையைப் பொறுத்தவரை, 1994 முதல் வரும் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்புகளில் ‘த மஜிஷியன்ஸ் நெஃப்யூ’ முதல் எண்ணைப் பெற்றிருக்கிறது. கதை நிகழும் காலவரிசை அது. 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் லூயிஸும் அந்த வரிசைக்கு இசைவு தெரிவித்தார், ஆனால் எந்த வரிசையில் படித்தாலும் பெரிதாகக் கெடுதல் இல்லை என்றும் சேர்த்தே சொன்னார். நான் 1950இல் வெளிவந்த ‘த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்’ நூலையே முதலில் கொடுப்பேன். அஸ்லான் என்னும் பெயர் அதில் முதன்முறை உச்சரிக்கப்படும்போது, அவர் யார் என்பது பிள்ளைகளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்கிறார் கதைசொல்லி. நார்னியா படைக்கப்பட்டதைச் சொல்லும் ‘த மஜிஷியன்ஸ் நெஃப்யூ’வை முதலில் படித்துவிட்டு வருகிறவனுக்கு அந்த வரி பொய்யாகிவிடும்.

யார் என்பதைச் சொல்லலாமா என்றால், அவன் கேட்கும் வரை சொல்ல வேண்டாம். கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.


மறுமொழி: தாமிரபரணிக் கரை

வடகாற்று அவர்கள் சொன்னதோடு ஒன்று. 1955இல் ஒரு தாய், தன் ஒன்பது வயது மகன் இயேசுவைவிட அஸ்லானை அதிகமாக நேசிப்பதாக வருந்துகிறான் என்று லூயிஸுக்கு எழுதினார். அஸ்லான் சொல்வதாகவும் செய்வதாகவும் அவன் நேசிப்பவை அனைத்தும் இயேசு சொன்னவையும் செய்தவையும்தான், ஆகவே அவன் வருந்த வேண்டியதில்லை என்னும் பொருளில் அவர் பதில் எழுதினார். உங்கள் மகன் அப்படிக் கவலைப்பட வாய்ப்பில்லை. இறுதி நூலை மட்டும் அவனிடம் தனியே கொடுக்காமல் சேர்ந்து படியுங்கள். தாஷைப் பற்றி அவன் கேட்கும்போது அருகில் இருப்பது நல்லது.